நனைந்த சட்டையும் காய்ந்த சட்டையும்

திரைப்படம் பார்ப்பதில் இருவகை இன்பம் உண்டு. கதையோடு ஒன்றிப்போவது ஒன்று. கதையின் தையல் எந்த இடத்தில் பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது மற்றொன்று. இரண்டாவது இன்பத்தில் இன்றைய இளையோர் வல்லவர்கள். கதாநாயகன் அருவியில் முழுக நனைகிறான். கரையேறும் அடுத்த காட்சியிலேயே அவன் சட்டை சலவைக்கடையிலிருந்து வந்ததுபோல் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பெரியவர்கள் கதையின் சோகத்தில் கண் கலங்கிக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி கிளம்புகிறது. அந்தச் சிரிப்பை நாம் குறை கூற மாட்டோம். கண்ணைத் திறந்து வைத்திருப்பவனுக்குத்தான் அந்தச் சிரிப்பு வரும்.

இத்தகைய பிழைகள் ஏன் நேர்கின்றன? படம் கதையின் வரிசைப்படி எடுக்கப்படுவதில்லை. அருவியில் குதிப்பது திங்கட்கிழமை படமாகும். கரையேறுவது வியாழக்கிழமை படமாகும். இடையில் வெயில் மாறும், நிழல் மாறும், நடிகரின் தலைமுடி மாறும். முந்தைய காட்சியில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது, கோப்பையில் எவ்வளவு பால் மிச்சம் இருந்தது என்று குறித்து வைப்பதற்கென்றே படப்பிடிப்பில் ஆள் உண்டு. அவர் கண்ணுக்கும் சில தப்பிவிடும். வேறு சில, தெரிந்தே விடப்படுபவை. வால்டர் மர்ச் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர், ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்பதற்கு ஆறு அளவுகோல்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் தந்திருக்கிறார். உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51; கதைக்கு 23; ஆளும் பொருளும் நின்ற இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. நடிகரின் முகத்தில் உண்மையான கண்ணீர் தெரியும் துண்டையே அவர் தேர்ந்தெடுப்பார். அதில் கோப்பை இடம் மாறியிருந்தாலும் கவலைப்படமாட்டார். அவர் கணக்கு சரியென்றே நமக்கும் தோன்றுகிறது.

இளையோரை வைத்து எடுக்கப்பட்ட நகைச்சுவைப் படங்களில் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்று, 1985-இல் வெளிவந்த ‘பேக் டு தி ஃபியூச்சர்’. பள்ளிச் சிறுவன் ஒருவன் காலத்தில் பின்னோக்கிப் பயணம் செய்து 1955-ஆம் ஆண்டுக்குப் போய்விடுகிறான். அங்கே பள்ளி நடன விழாவில் அவன் வாசிக்கும் கிப்சன் கிதார், 1958-க்கு முன் உலகிலேயே இல்லாத வகை. இசைக்கருவிகளை அறிந்தோர் இதை இன்றளவும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அதே படத்தில் வேறொன்றும் இருக்கிறது. தொடக்கத்தில் வரும் கடைவளாகத்தின் பெயர்ப்பலகையில் ‘இரட்டைப் பைன்’ என்றிருக்கும். முடிவில் அதே பலகையில் ‘ஒற்றைப் பைன்’ என்றிருக்கும். அவசரக்காரர் இதையும் பிழைக்கணக்கில் சேர்ப்பார். பொறுமையாகப் பார்த்தவரோ, சிறுவனின் வண்டி கடந்த காலத்தில் ஒரு பைன் கன்றை இடித்துச் சாய்த்ததை நினைவுகூர்வார். ஆகவே, பிழை தேடுபவனுக்கும் ஒரு கடமை உண்டு. தீர்ப்புச் சொல்லுமுன் அவன் முழுவதையும் பார்த்திருக்க வேண்டும்.

இடத்தை மாற்றிக் காட்டுவதும் திரையுலகின் பழைய வழக்கம். 1992-இல் வந்த ‘ரோஜா’வில் காஷ்மீர் என்று நாம் நம்பிப் பார்த்த இடங்கள் மணாலியும் குன்னூரும் போன்ற மலையூர்கள். காஷ்மீரின் அன்றைய நிலையில் அங்கே சென்று படமெடுப்பது ஆபத்தானதாக இருந்தது. 2005-இல் வந்த ‘நரன்’ என்ற மலையாளப் படத்தில், வெள்ளத்தில் மிதந்து வரும் மரங்களைக் கதாநாயகன் நீந்திப் பிடிக்கும் ஆறு, கதைப்படி முள்ளன்கொல்லி என்னும் கற்பனை ஊரில் ஓடுவது. படமாக்கப்பட்டதோ நம் ஒகேனக்கல்லில். காவிரி வேறு பெயர் தாங்கி நடித்தது என்று கொள்வோம். நடிகர் வேடம் போடலாமென்றால் ஆறும் போடலாம்.

இதுவரை சொன்னவை அனைத்தும் மன்னிக்கத்தக்கவை. அற்பப் பாவம், சாவான பாவம் என்று பிரித்துப் பார்த்துப் பழகிய நமக்கு, திரைப்பிழைகளையும் அவ்வாறு பிரிக்கத் தெரிய வேண்டும். அந்தப் பிரிவினையை நமக்குக் கற்றுத் தந்தவர் ஒகேனக்கல்லின் ஒரு பரிசல்காரர்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கின் இளையோரை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். மூங்கிலால் பின்னிய வட்டமான பரிசலில், பாறைச் சுவர்களின் நடுவே சென்றோம். அங்குள்ள அருவிகளுள் ஒன்றைச் ‘சினி பால்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். பெயரிலேயே திரையின் வாடை வீசுகிறது. ஒரு மணல்திட்டில் பரிசல் ஒதுங்கியபோது, பிழை கண்டுபிடிப்பதில் எல்லோருக்கும் முன்நிற்கும் மாணவன் ஒருவன், நீரின் நடுவே நீட்டிக்கொண்டிருந்த பாறையைச் சுட்டி, “ஃபாதர், இந்த மாதிரிப் பாறையில்தான் படத்தில் நின்று ஆடுவார்கள், நானும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்” என்று கால் வைத்தான். பரிசல்காரர் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

“தம்பி, படத்துல நின்னவனுக்குப் பின்னால கயித்தப் புடிச்சிக்கிட்டு நாலு பேரு நின்னிருப்பாங்க. அது உனக்குத் தெரியாது. உனக்கு யாரு நிக்கறாங்க?”

சட்டையின் ஈரத்தை அளந்த கண்ணுக்குக் கயிறு தெரியாமல் போயிற்று. தெரியாதபடி மறைப்பதுதான் திரையின் திறமை.

அன்று அவரிடம் மேலும் கேட்டறிந்தோம். திரையில் ஆபத்து சொல்லிக்கொண்டு வரும். வானம் கறுக்கும், இடி இடிக்கும், பின்னணி இசை உயரும். அதற்குள் நாயகன் ஓடித் தப்பிவிடுவான். ஒகேனக்கல்லில் வெள்ளத்துக்கு அந்த மரியாதை கிடையாது. மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி உபரிநீர் திறக்கப்பட்டால், அது பிலிகுண்டுலுவைக் கடந்து இங்கே வந்து சேரும். அந்நேரம் ஒகேனக்கல்லில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம். வானத்தில் ஒரு மேகமும் இல்லாதிருக்கலாம். கோடையில் விநாடிக்குச் சில நூறு கன அடியாக இளைத்துக் கிடக்கும் அதே ஆற்றில், 2018-இலும் 2024-இலும் 1 லட்சம் கன அடிக்கு மேல் நீர் வந்தது. அத்தகைய நாட்களில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தடைப்பலகையின் முன் நின்று, “தண்ணீர் அமைதியாகத்தானே இருக்கிறது” என்று வாதாடும் இளைஞன் பொய் சொல்லவில்லை. திரை அவனுக்குக் கற்பித்த ஆற்றையே அவன் பார்க்கிறான்.

புகை எழும் கல் என்று கன்னடச் சொற்களால் இவ்விடத்துக்குப் பெயரிட்டவர்கள், நீர் பாறையில் மோதும் வேகத்தைக் கண்டு பெயரிட்டார்கள். நம் பாடல் காட்சிகளோ அந்தப் புகையை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிட்டன. வழுக்கும் பாசி, பாறைக்கு அடியில் குடைந்து ஓடும் சுழல், நீருக்குள் மறைந்திருக்கும் பள்ளம் ஆகியவை எந்தச் சட்டகத்திலும் இல்லை. இளையோர் நகைச்சுவைப் படங்களில் நண்பனை நீரில் தள்ளிவிடுவது ஒரு வேடிக்கை; தள்ளப்பட்டவன் வாயில் நீரைக் கொப்பளித்துக்கொண்டு எழுவான், அரங்கம் சிரிக்கும். எழாமல் போனவர்களைப் பற்றிக் காவிரிக்கரைக் குடும்பங்களைக் கேட்க வேண்டும். அவ்வாறு பிள்ளையை இழந்த வீட்டுத் திண்ணையில் சொல்ல வார்த்தையின்றி அமர்ந்திருந்திருக்கிறோம். அங்கே வேடிக்கை என்று எதையும் எவரும் சொல்லவில்லை.

ஆகவே, திரைப்படத்தின் பிழைகளை எடைபோட நாம் முன்வைக்கும் அளவுகோல் இது. ஒரு பிழை யாருடைய உடலில் போய் முடிகிறது? இல்லாத கிதாரால் எவருக்கும் தீங்கில்லை. இடம் மாறிய கோப்பை எவரையும் கொல்லாது. காய்ந்த சட்டையைக் கண்டு சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆறு விளையாட்டுப் பொருள் என்று காட்டுவது, ஈரம் உலர்ந்ததைவிடப் பன்மடங்கு பெரிய தகவற்பிழை. படமெடுப்போர் கயிற்றைக் காட்ட வேண்டியதில்லை. தண்ணீருக்கு எடை உண்டு என்பதையாவது ஒரு காட்சியில் உணர்த்தலாம். கதையும் அதனால் கெடாது, சிரிப்பும் குறையாது.

நம் பிள்ளைகளிடம் பிழை தேடாதே என்று சொல்ல வேண்டாம். இன்னும் நன்றாகத் தேடு என்று சொல்வோம். நாயகன் குதித்த இடத்தில் நீரின் ஆழம் என்ன, அவன் எந்த மாதத்தில் குதித்தான், சட்டகத்துக்கு வெளியே எத்தனை பேர் நின்றார்கள் என்று வீட்டில் படம் பார்க்கையில் நாமும் அவர்களோடு அமர்ந்து கேட்போம்.

அந்த மாணவன் பாறையில் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது பரிசல்காரரின் பக்கத்தில் அமர்ந்து, துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டே வந்தான். கரையேறியபோது அவன் சட்டை நனைந்திருந்தது. பென்னாகரம் வரும்வரை அது காயவில்லை.