அழித்த கோடுகள்

திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் முடிந்து தேதிக் கட்டு காலியான பிறகும் காலண்டரைத் தூக்கிப் போட மாட்டார்கள். சாமி படத்தை எப்படிக் குப்பையில் போடுவது? கீழே இருக்கும் ஜவுளிக்கடை விலாசத்தைக் கத்தரித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். சாமி அறை இல்லாத வீட்டில் ஒரு மாடக்குழி, அதற்கு மேலே ஓர் ஆணி. அவ்வளவுதான், கோயில் தயார். விளக்குப் புகையும் சாம்பிராணியும் பட்டுப் பழுப்பேறிய அந்தக் காலத்துப் படங்கள் இன்னும் சில வீடுகளில் தொங்குகின்றன.

கும்பிடுகிறவர்கள் படத்தில் சாமியின் கண்ணைப் பார்ப்பார்கள். ஓவியத்தைப் பற்றிப் பேச வந்தவன் படத்தின் மூலையையும் பார்க்க வேண்டும். அங்கே சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். சி.கொண்டையராஜு. சில படங்களில் பக்கத்திலேயே இன்னொரு பெயர், டி.எஸ்.சுப்பையா. ஒரு படம், இரண்டு கையெழுத்து.

இலக்கியத்தில் இப்படி நடந்தால் சண்டை வந்துவிடும். கோவில்பட்டியில் இது அன்றாடப் பிழைப்பு.

கொண்டையராஜு 1898ல் சென்னையில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். படித்து முடித்தபின் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதப் போனார். திரையில் அரண்மனை, காடு, தர்பார் எல்லாம் வரைவதற்கு அந்தக் காலத்தில் ‘சீன் எழுதுவது’ என்று பெயர். கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கோவில்பட்டியில் கம்பெனி கலைந்தபோது அவரும் அங்கேயே தங்கிவிட்டார். 1940களில் அங்கே ஆரம்பமானது அவருடைய படக்கூடம். சீடர்கள் வந்து சேர்ந்தார்கள். பக்கத்தில் சிவகாசி. 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்து, தீப்பெட்டி லேபிளுக்காக அச்சுத் தொழில் வளர்ந்து, பிறகு காலண்டருக்குத் தாவிய ஊர். அச்சகத்துக்குச் சாமி வேண்டும். கோவில்பட்டியில் சாமி வரைகிற கை இருந்தது. 1976ல் அவர் இறக்கும் வரை அந்தக் கை ஓயவில்லை.

இந்தப் படங்களைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் சாதாரணமாகச் சொல்வது ஒன்று உண்டு. ‘காலண்டர் ஆர்ட். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைவது. இதில் படைப்பு எங்கே இருக்கிறது?’

திரும்பத் திரும்ப வரைவது என்பது உண்மை. அதையே குறையாகச் சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

ஓவியன் தினமும் காலையில் பட்டறைக்குள் போய் என்ன செய்கிறான்? சினிமாவில் காட்டுவதுபோல வெள்ளைத் துணி முன்னால் நின்று, ஆவேசம் வந்து, ஒரே வீச்சில் வரைவதில்லை. பெரும்பாலான நாட்களில் நேற்று வரைந்ததைப் பார்த்து முகம் சுளிக்கிறான். நேற்று ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் சரியாக இருந்த நீலம், காலை வெயிலில் அடிக்கிறது. தோள் இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. அழிக்கிறான், சுரண்டுகிறான், மேலே பூசுகிறான். மத்தியானம் பார்த்தால் தோள் சரி. இப்போது கழுத்து உதைக்கிறது. ஓவியனின் நாள் இப்படித்தான் கழிகிறது. புதிதாக வரைவது கொஞ்சம், வரைந்ததைத் திருத்துவது நிறைய.

ஒவ்வொரு வண்ணத்துக்கும் திருத்த ஒரு முறை உண்டு. எண்ணெய் வண்ணம் சோம்பேறி. காய நாளாகும். ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வழித்து எடுத்துவிடலாம். காய்ந்த பிறகு மேலே பூசலாம். நீர்வண்ணம் கோபக்காரர். அடித்தாளின் வெள்ளைதான் அதற்கு வெளிச்சம் என்பதால், ஒருமுறை அழுக்கானால் மூடி மறைக்க வழியில்லை. அடர்த்தியாகப் பூசும் மாவு வண்ணம் சட்டென்று காயும், அடியில் இருப்பதை மறைத்துவிடும். அச்சகத்துக்கு அவசரமாகப் படம் வரைகிறவனுக்கு இதுதான் தோது.

திருத்துவதைப் பதிவு செய்து வைத்தவர்களும் உண்டு. 1935ல் ஹென்றி மத்தீஸ், படுத்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தை மாதக்கணக்கில் வரைந்தார். படம் மாற மாற அதை போட்டோ எடுத்து, அமெரிக்காவில் பால்டிமோரில் இருந்த எட்டா கோன் என்ற பெண்மணிக்கு அனுப்பினார். 22 போட்டோக்கள். முதல் படத்தில் ஒரு நிஜப் பெண் நிஜ சோபாவில் படுத்திருக்கிறாள். போகப் போக சோபா தேய்ந்து கட்டங்களாகிறது. உடம்பு நீண்டு, வளைந்து, துணியின் இரண்டு ஓரத்தையும் தொடுகிறது. கடைசியில் அந்தப் படம் பால்டிமோருக்கே போனது. 1956ல் குளூசோ என்ற பிரெஞ்சு டைரக்டர் பிக்காசோ வரைவதை முழுநீள சினிமாவாக எடுத்தார். அதில் ஒரு கடற்கரைப் படத்தை பிக்காசோ மாற்றி மாற்றி மாற்றி, இது தேறாது என்று ஒதுக்கிவிட்டு, புதுத் துணி எடுத்து மறுபடி ஆரம்பிப்பார். பார்க்கிற நமக்கே, ‘ஐயோ, முன்னாடி நல்லாத்தானே இருந்துச்சு’ என்று கத்தத் தோன்றும்.

கோவில்பட்டியிலும் கேமரா இருந்தது. கொண்டையராஜுவின் சீடர்களில் பலர் போட்டோ ஸ்டுடியோ தொழிலும் பார்த்தவர்கள். ஆனால் அந்த கேமரா கல்யாண மாப்பிள்ளைகளுக்காக இருந்தது. பாதி வரைந்த முருகனை போட்டோ எடுத்து யாருக்கு அனுப்புவது? படம் முடிந்ததும் சிவகாசிக்குப் போகும். பெரும்பாலும் உரிமையோடு சேர்த்தே விற்றாகிவிடும். அப்புறம் அது அச்சகத்தின் கச்சாப்பொருள். கேமராவில் வைத்து நான்கு வண்ணமாகப் பிரிப்பார்கள். பிலிமில் அங்கே ஒருவர் டச்சிங் செய்வார். ஓவியனின் கைக்குப் பிறகும் திருத்தம் நடக்கும், அவனைக் கேட்காமலே.

அப்படியானால் கொண்டையராஜு திருத்தியதை எங்கே பார்ப்பது? ஒரே படத்துக்குள் பார்க்க முடியாது. அந்தக் கூடத்தின் பெருமையே தூரிகை போன தடம் தெரியாமல் வழவழவென்று முடிப்பதுதான். போட்டோ ஸ்டுடியோ பழக்கம் அது. அந்த நாளில் கண்ணாடி நெகட்டிவில், கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் நிரப்பி முகத்தை மெழுகிவிடுவார்கள். அதே மெழுகுதான் லட்சுமியின் கன்னத்திலும்.

ஆனால், நாலைந்து படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். விஷயம் வெளியே வரும். மத்தீஸ் ஒரு துணிக்குள் செய்ததை, காலண்டர் ஓவியன் பல அட்டைகளில் பல வருஷமாகச் செய்கிறான். அதே முருகன்தான். ஒரு படத்தில் மயில் பின்னால் நின்று தோகையை விரித்து மொத்தப் படத்தையும் விழுங்கும். இன்னொன்றில் மயில் பக்கவாட்டுக்குப் போக, முருகனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். வேல் செங்குத்தாக நின்றால் படம் விறைக்கும். கொஞ்சம் சாய்த்தால் இளகும். வள்ளியும் தெய்வானையும் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றால் தராசு மாதிரி இருக்கும். ஒருத்தியின் தலையை லேசாகத் திருப்பினால் குடும்பமாகிவிடும். ஒரு படத்தில் தவறவிட்டதை அடுத்த படத்தில் பிடிப்பது. இதைக் காப்பி அடிப்பது என்று சொல்வது, ஒரே ராகத்தைத் தினமும் பாடுகிறவரிடம் ‘நேத்து பாடினதைத்தானே பாடுறீங்க’ என்று கேட்பதுபோல.

கரிசல்காட்டு மானாவாரி விவசாயிக்கு இது சொல்லாமலே புரியும். விதைத்தது மழையில்லாமல் கருகினால், அழித்து உழுது மறுபடி விதைப்பான். முதல் விதைப்பை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார மாட்டான்.

அந்த இரண்டு கையெழுத்துக்கு வருவோம். குரு கோடு போட்டு உருவத்தையும் முகத்தையும் கவனிக்க, உடையும் நகையும் பின்னணியும் சீடர்கள் கைக்குப் போகும். ஓவியன் தனியாக இருந்தால் தன் தவறு தன் கண்ணுக்குப் பழகிவிடும். இரண்டு பேர் ஒரே அட்டை முன்னால் உட்கார்ந்தால் பழக விடமாட்டார்கள். ‘இந்த ஒட்டியாணம் கண்ணை இழுக்குதே, கொஞ்சம் அடக்கு’ என்று ஒருவர் சொன்னாலே போதும். திருத்தம் என்பது அங்கே மனசுக்குள் நடக்கிற சங்கடமில்லை. வாய்விட்டுப் பேசிச் செய்கிற வேலை.

சரி, இதுவரை புகழ்ந்தாயிற்று. இனி மறுபக்கம்.

திருத்துவது மட்டுமே பெருமை ஆகிவிடாது. யாருக்காகத் திருத்துகிறோம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. காலண்டர் ஓவியனின் தோளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வியாபாரி நிற்கிறார். ‘முகம் இன்னுங் கொஞ்சம் பூசினாப்ல இருக்கட்டும்.’ ‘கலரு தூக்கலா வேணும், தூரத்துல இருந்து பாத்தா அடிக்கணும்.’ ‘போன வருஷம் ஓடுன முகத்தையே வைங்க.’ இப்படிப் பல கடைக்காரர்களின் விருப்பம் பல வருஷம் படிந்து படிந்து, எல்லா அம்மனுக்கும் ஒரே கன்னம், ஒரே ரோஸ் நிறம். வெயிலில் கறுத்த மனிதர்கள் வாழும் சீமையில், அவர்கள் வீட்டுச் சாமி மட்டும் வெயிலே படாதவர். கோயில் கருவறையில் கறுப்புக் கல்லாக நிற்கிற அதே சாமி காலண்டருக்கு வந்ததும் சிவந்துவிடுகிறார். இந்தத் திருத்தத்தை என்னால் பாராட்ட முடியவில்லை. கூர்மையாகிக்கொண்டே போகிற திருத்தம் ஒன்று, மழுங்கிக்கொண்டே போகிற திருத்தம் ஒன்று. கோவில்பட்டிப் படங்களில் இரண்டுமே இருக்கின்றன. கைகளிலும் விரல்களிலும் முதலாவது, முகங்களில் இரண்டாவது.

இதே கரிசல் மண்ணுக்கு வேறொரு ஓவியரும் உருவம் கொடுத்தார். கே.எம்.ஆதிமூலம். அவர் இந்தப் பக்கத்துக்காரர் இல்லை. துறையூர் பக்கம் கீராம்பூரில் 1938ல் பிறந்தவர். கி.ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது அதற்குப் படம் வரைந்தவர் அவர்தான். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரின் எழுத்துக்குப் பக்கத்தில், பேனாக் கோட்டில் சம்சாரிகள் வந்து நின்றார்கள். முகத்தில் வெயில் இருந்தது. மெழுகு இல்லை.

பேனா மையில் ஒரு கஷ்டம், அதை அழிக்க முடியாது. தப்பான கோட்டுக்கு இரண்டே வழி. மேலே இன்னும் பத்துக் கோடு போட்டு அதையும் படத்தில் சேர்த்துக்கொள்வது. இல்லையென்றால் தாளைத் தள்ளிவிட்டு வேறு தாள். காந்தி நூற்றாண்டான 1969ல் ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நூறு காந்திகளை வரைந்தார் என்றும் சொல்லலாம். ஒரு காந்தியை நூறு முறை திருத்தினார் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. அவர் படங்களில் திருத்தம் ஒளிந்திருக்காது. கோட்டின் மேல் கோடு ஏறி, தேடிய தடமே தாடையும் கண்குழியுமாக ஆகிவிடும். 2008ல் அவர் மறைந்தார். அந்தக் கோடுகள் இன்னும் காயாத மாதிரிதான் இருக்கின்றன.

இரண்டு பட்டறைகள். ஒன்று, திருத்தியது தெரியாமல் திருத்தியது. மற்றது, திருத்தியதையே படமாக்கியது. ஓவியக் காட்சிக்குப் போகிறவர்கள் இரண்டாவதைக் கொண்டாடுவார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் முதலாவதன் உழைப்பை மறுத்துவிட்டு இரண்டாவதைக் கொண்டாடுவது நியாயமில்லை.

திருச்சுழியில் 1879ல் பிறந்து, 1896ல் திருவண்ணாமலைக்குப் போன வேங்கடராமன், அதாவது ரமணர், இந்த விஷயத்தில் எனக்கு ஆச்சரியமான ஆள். எல்லாவற்றையும் விட்டவர், வார்த்தையில் மட்டும் விடாப்பிடி. சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்தான் ‘நான் யார்?’. அதைப் பிற்பாடு அவரே கேள்விகளை எடுத்துவிட்டுக் கட்டுரையாக்கினார். 1928ல் முருகனார் கேட்டுக்கொண்டு ‘உள்ளது நாற்பது’ உருவானபோது, முன்பே எழுதிவைத்திருந்த வெண்பாக்களில் பெரும்பாலானவற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியது தன்னுடையது என்ற பிடிப்பு இல்லாதவருக்கு அழிப்பது சுலபம் போலிருக்கிறது. அவர் முன்னால் உட்கார்ந்திருந்த கொண்டையராஜு அங்கே என்ன கற்றார் என்று நான் கதை கட்டப் போவதில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் சீடனுக்கும் இடம்விட்ட மனசு அவரிடம் இருந்தது. அது கண்ணுக்கு முன்னால் அச்சாகி இருக்கிறது.

இன்றைய காலண்டரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய அச்சுப் படத்தையே ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் நிறத்தை ஏற்றி, பின்னால் வேறு மலை, முன்னால் வேறு பூ வைக்கிறார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் செய்தது இல்லையென்று ஆகிவிடும். திருத்துவது இவ்வளவு சுலபமாக எப்போதும் இருந்ததில்லை. ஆனாலும் முருகனின் விரல் ஐம்பது வருஷத்துக்கு முன் கொண்டையராஜு கூடத்தில் எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்திலேயே நிற்கிறது. அதை யாரும் திரும்ப வரைந்து பார்க்கவில்லை. சட்டத்தை மாற்றுகிறார்கள், படத்தை மாற்றவில்லை. காப்பி அடிப்பது என்று கொண்டையராஜுவைச் சொன்னார்களே, அந்த வார்த்தை இப்போதுதான் பொருந்துகிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், பாட்டி வீட்டுப் பரணில், பழைய காலண்டர் படம் சட்டத்தோடு கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று இருந்தால் இன்னும் விசேஷம். பக்கத்துப் பக்கத்தில் சாய்த்து வைத்து, சாமி முகத்தை விட்டுவிட்டு விரல்களைப் பாருங்கள், வேலின் சாய்வைப் பாருங்கள், மயில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மனிதரும் அவருடைய சீடர்களும் கோவில்பட்டி வெயிலில் உட்கார்ந்து, ‘இன்னுங் கொஞ்சம் சரியா வரணுமே’ என்று தினமும் செய்த வேலையின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. அதற்கு வேறு நகல் கிடையாது.