வாலிக்காக ஓர் இரவு

மருங்காபுரிப் பக்கத்துத் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுவினர் கவிஞர் வாலியின் பாட்டுகளையே வரிசையாகப் பாடும் இரவு எனக்கு உயிர். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், நம்ம மண்ணுக்காரர். 2013 ஜூலை 18-ல் மறைந்தார். தபால் அட்டையில் எழுதி பின்னணிப் பாடகர் டி.எம்.எஸ்ஸுக்கு அவர் அனுப்பிய முருகன் பாட்டைத்தான் முதலில் எடுப்பார்கள். நரைத்த தலைப் பாடகர் முன்னால் ஓரம் நைந்த நோட்டு திறந்திருக்கும். அவர் கண்ணோ மூடியிருக்கும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது மைக்கை மெல்ல விலக்குவார், பிசிறே இருக்காது. சரணம் வந்ததும் தபேலாக்காரர் கையை அடக்கிக்கொள்வார், சொல் மூழ்கிவிடக் கூடாதென்று. கவிஞருக்கு இதைவிட என்ன அஞ்சலி வேண்டும்? வாலியின் சொல் மெட்டில் அப்படிப் பொருந்தி உட்காரும். ஓர் எழுத்து கூடினாலும் இடிக்கும். பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தம்பி, அதையே இன்னொருக்கா பாடுப்பா" என்பார்.