பொத்தானில் இருக்கும் விரல்: மலைமேடையும் பதிவிசையும்

நாடகப் பிரதி பற்றி நிறையப் பேசியாயிற்று. நடிகரின் உடல், வெளி, பார்வையாளர் என்று பிரெக்டையும் பூக்கோவையும் இழுத்து வந்து விடிய விடிய விவாதித்திருக்கிறோம். பாட்டை எந்தக் கருவியில் போடுவது என்ற கேள்வி மட்டும் இந்த விவாதங்களுக்குள் வந்ததே கிடையாது. அது செட்டுக்காரர் பாடு. "பாட்டுதானே, போட்டு விட்டாப் போச்சு" என்பதோடு முடிந்துவிடும். நோட்டீஸில் ஒளியமைப்புக்குப் பெயர் இருக்கும், ஒப்பனைக்குப் பெயர் இருக்கும். பாட்டுப் போட்டவருக்கு இருக்காது. இந்த மௌனத்தைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கலை தன் உழைப்பில் எந்தப் பகுதியை மறைக்க விரும்புகிறதோ அந்தப் பகுதியில்தான் அதன் அரசியல் இருக்கிறது.

நீலகிரியை எடுத்துக்கொண்டு பேசலாம். சமவெளியில் தட்டுப்படாத சில விஷயங்கள் இங்கே குளிரில் வெளியே தெரிகின்றன.

முதலில் குளிரே. ஊட்டியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும். அந்த நேரத்தில் பேட்டரியில் ஓடும் டேப்ரெக்கார்டர் என்ன ஆகும்? பேட்டரி குளிரில் வலுவிழக்கும், மோட்டார் தளரும், சுருதி இறங்கும். நாடாவின் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறைந்தால் பாட்டு அரைச் சுரம் கீழே போய்விடும். மேடையில் கூடவே பாடுபவர் தன் தொண்டைதான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கேசட் போய் சி.டி. வந்தபோது பிரச்சினை தீர்ந்தது என்றார்கள். குளிரில் கிடந்த பிளேயரைக் கூட்டம் நிறைந்த அரங்குக்குள் கொண்டு வந்தவுடன் லென்ஸில் ஈரம் படிந்துவிடும், தட்டைப் படிக்காது. பலகை மேடையில் நாலு பேர் சேர்ந்து குதித்தால் பாட்டும் குதிக்கும். 1992இல் சோனி கொண்டு வந்த மினிடிஸ்க், ஒலியைச் சிறிது நேரம் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு ஒலிப்பதால் இந்த அதிர்வைத் தாங்கியது. மேலைநாட்டு அரங்குகளில் அதைப் பிரியமாக வைத்திருந்தார்கள். நம் குழுக்களில் அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. கேசட்டிலிருந்து சி.டி.க்கு, சி.டி.யிலிருந்து பென் டிரைவுக்கு, அதிலிருந்து கைபேசிக்கு என்று தாவினோம். தாவிய ஒவ்வொரு முறையும் எதை விட்டுவிட்டு வருகிறோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தோல் கருவிக்கு மட்டும் குளிர் ஒன்றும் செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். பனியில் தோல் தொய்ந்துபோகும், சத்தம் எழாது. அதனால்தான் தப்பு அடிப்பவர்கள் நெருப்பு மூட்டிக் காய்ச்சுகிறார்கள். இந்தக் காய்ச்சலைச் சுற்றி ஒரு கூட்டம் உருவாகிறது. பேச்சு, பீடி, கேலி, யார் முதலில் அடிப்பது என்ற தகராறு எல்லாம் அங்கே நடக்கிறது. நிகழ்ச்சி உண்மையில் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பொத்தானை அழுத்துகிற இசைக்கு இப்படியொரு முற்பொழுது கிடையாது.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் பலர் உற்சாகமாகி விடுவார்கள். நேரடி இசை உயிருள்ளது, பதிவிசை பிணம், ஆகவே கருவியைத் தூக்கி எறிவோம் என்று ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடுவார்கள். பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரையை இதற்குச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவரோ அந்தக் கட்டுரையில் ஒளிவட்டம் அழிவதற்காக ஒப்பாரி வைக்கவில்லை. சடங்கின் பிடியிலிருந்து கலை விடுபடுவதில் ஓர் அரசியல் வாய்ப்பைப் பார்த்தார். அதை வசதியாக மறந்துவிடுகிறோம். தூய்மைவாதம் இசைக் கருவிகளின் வரலாற்றில் நமக்குப் புதிதும் அல்ல. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை அந்நியக் கருவி என்று விலக்கி வைத்தது. 1971 வரை விலக்கு நீடித்தது. அந்த முப்பது வருஷமும் நம் ஸ்பெஷல் நாடக மேடைகளில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் ஒரு ராஜபார்ட்டும் வாய் திறந்ததில்லை.

நேரடி இசையின் உயிர் யாருடைய உயிர் என்பதுதான் கேள்வி. நீலகிரியில் இதற்குப் பதில் இருக்கிறது.

கோத்தர்கள் ஏழு ஊர்களில் வாழும் சிறிய சமூகம். கொல்வேலை, தச்சு, மண்பாண்டம், இசை இவையெல்லாம் அவர்களிடமிருந்து படகர்களுக்கும் தோடர்களுக்கும் போயின. பதிலுக்குத் தானியமும் பிறவும் வந்தன. கொள் என்ற ஊதுகருவி, தபட்க் என்ற வட்டப் பறை, உருளைப் பறைகள், கொம்பு இவை இல்லாமல் அக்கம்பக்கத்துச் சாவுச் சடங்குகள் நடந்ததில்லை. மானுடவியலாளர்கள் இதை அழகான பரிமாற்றம் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் பரிமாற்றம் சமமானவர்களுக்கு இடையே நடக்கவில்லை. கூப்பிட்டால் வர வேண்டும். வந்து வாசிப்பவரின் இடம் கீழே.

1937-38இல் இங்கே களப்பணி செய்த டேவிட் மாண்டல்பாம், அந்தப் பத்தாண்டில் நடந்த ஒரு பிளவைப் பதிவு செய்திருக்கிறார். படகர்களில் சீர்திருத்தம் பேசியவர்கள் கோத்தர் இசை நம் சடங்குகளுக்கு வேண்டாம் என்றார்கள். பழையவர்கள் வேண்டும் என்றார்கள். இசை வேண்டும் கட்சி, வேண்டாம் கட்சி என்று ஊர்கள் மோதிக்கொண்டன. கடைசியில் கோத்தர் இசை படகர் சடங்குகளிலிருந்து வெளியேறியது. பல இடங்களில் குறும்பர்களும் இருளர்களும் வாசிக்க வந்தார்கள்.

காலவரிசையை இங்கே கவனிக்க வேண்டும். இது 1930களில் நடந்தது. இந்தியச் சந்தையில் கேசட் பெருகியது 1970களின் கடைசியில் (பீட்டர் மானுவலின் புத்தகம் அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது, 1993இல் வந்தது). இடையில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கேசட் வந்து கொள் வாசிப்பவரை எழுப்பிவிட்டு உட்காரவில்லை. நாற்காலி ஏற்கெனவே காலியாக இருந்தது, கேசட் வந்து அதில் உட்கார்ந்தது. 'தொழில்நுட்பம் மரபைக் கொன்றது' என்ற நம் கதையாடல் எவ்வளவு சோம்பேறித்தனமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. உறவு முதலில் அறுந்தது, கருவி பிறகுதான் வந்தது. இன்று கல்யாணத்திலும் ஊர் விழாவிலும் பதிவான பாட்டுக்குப் படகர்கள் வட்டமாக ஆடுவது சாதாரணம். அந்த ஆட்டத்தில் பிணத்தன்மை ஏதும் இல்லை. கோத்தர்களோ தங்கள் சொந்தத் தெய்வ விழாவில் கொள்ளை விடவில்லை. பிறருக்கு வாசிப்பதில் இருந்த இழிவு, தமக்கு வாசிப்பதில் இல்லை.

1990களில் தலித் கலைவிழாக்களை ஒட்டிப் பறை பற்றி நடந்த விவாதம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அடிக்க மாட்டோம் என்று சொல்லும் விடுதலை ஒன்று, நமக்காக அடிப்போம் என்று சொல்லும் விடுதலை ஒன்று. இரண்டும் விடுதலைதான். நேரடி இசை நல்லது என்ற அழகியல் விதி இந்த இரண்டையும் ஒரே அடியில் அழித்துவிடுகிறது.

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வந்தால் இன்னும் ஒரு சிக்கல். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களில் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். காமன் கூத்தும் தப்பும் அவர்களுடைய நினைவில் வந்தவை. ஆனால் அதே தப்புதான் அங்கே விடியற்காலையில் லயத்து ஆட்களை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு விரட்டியது. துரையின் கடிகாரமாகவும் காமனின் தாளமாகவும் ஒரே தோல் இருந்திருக்கிறது. ஒரு கருவியின் அர்த்தம் அதன் தோலிலோ சிப்பிலோ இல்லை, அதை ஒலிக்க வைப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில் யார் யாருக்கு உத்தரவு போடுகிறார் என்பதில் இருக்கிறது.

இதை வைத்துத்தான் கருவித் தேர்வுக்கு வர வேண்டும்.

கூத்தில் பின்பாட்டுக்காரரும் மத்தளக்காரரும் ஆடுபவரைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். ஆடுபவர் ஒரு வரியை இழுத்தால் அவர்களும் இழுப்பார்கள். கோத்தர் இசை பற்றி ரிச்சர்ட் வுல்ப் 2005இல் வெளியிட்ட நூலில் நங்கூரம் என்று ஒரு கருத்தை வைக்கிறார். இசையின் காலம் சில புள்ளிகளில் மட்டும் கட்டப்பட்டிருக்கும், மற்ற இடத்தில் மிதக்கும் என்று அதை நான் புரிந்துகொள்கிறேன். பதிவிசையில் மிதப்பு இல்லை. நடிகர் வசனம் மறந்தாலும், குழந்தை அழுதாலும், எதிர்ச் சரிவில் பட்டு எதிரொலி திரும்பி வந்தாலும் அது காத்திருக்காது. 170 மீட்டர் தள்ளி ஒரு சரிவு இருந்தால் எதிரொலி திரும்ப ஒரு நொடி ஆகும். வாசிப்பவராக இருந்தால் அதைக் கேட்டு நடையை மாற்றிக்கொள்வார். எந்திரத்துக்குக் காது கிடையாது.

ஆகவே அந்தக் காது வேறொருவரிடம் இருந்தாக வேண்டும். கருவியை விட அதன் முன் உட்காரும் ஆள் முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான். நாற்பது நிமிஷ நாடகத்துக்கு நாற்பது நிமிஷம் ஒரே டிராக்காகப் பாட்டையும் சத்தத்தையும் ஒட்டிக் கொண்டு வரும் குழுக்களைப் பார்க்கிறேன். நாட்டிய நாடகங்களில் இது வழக்கம், இப்போது தெரு நாடகக்காரர்களும் செய்கிறார்கள். இது நடிகரைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றுகிற வேலை. உழைப்புச் சுரண்டலைக் கண்டிக்கும் நாடகத்தையே ஃபாக்டரி சங்குக்கு நடிக்க வைக்கிறோம். துண்டு துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு இசைத் துண்டும் தனிக் கோப்பாக இருக்கட்டும். நடிகர் மூச்சு விடுவதைப் பார்த்து அடுத்ததை அழுத்தத் தெரிந்த ஒருவர், ஒத்திகை முழுக்கக் கூட இருந்த ஒருவர், மேடை தெரியும் இடத்தில் உட்காரட்டும். கேசட் காலத்தில் ஒவ்வொரு பாட்டையும் தனிக் கேசட்டில், முன்னால் இருக்கும் வெற்று நாடாவைச் சுற்றித் தள்ளி வைத்துக்கொண்டு வரிசையாக அடுக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். பென்சில்தான் அவர்களுடைய கருவி. அவர்கள் செய்தது ஓர் இசைக்கலைஞரின் வேலை. அதை நாம் அப்படி அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

விலை உயர்ந்த ஒன்றை விட மலிவான இரண்டு மேல். ஒன்று ஓடும்போது மற்றது தயாராக நிற்கும். ஒன்று குளிரில் செத்தால் மற்றது பேசும். கைபேசி என்றால் விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவுக் காட்சியில் லோன் வேண்டுமா என்று கேட்டு அழைப்பு வரும். புளூடூத்தை நம்ப வேண்டாம். தொடர்பு அறுவது ஒரு பக்கம், நொடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஒலி பின்தங்குவது இன்னொரு பக்கம். அழுத்தியதற்கும் ஒலிப்பதற்கும் இடையில் அந்த இடைவெளி இருந்தால், சவுக்கடி முதலில் விழும், சத்தம் பிறகு வரும், சனம் சிரித்துவிடும். கூடவே நேரடித் தப்பும் ஒலித்தால் இரண்டும் ஒட்டவே ஒட்டாது.

கேபிள் விஷயம் ஒன்று உண்டு, இதை யாரும் எழுதுவதில்லை. செட்டுக்காரர் "ஒயரைக் குடுங்கண்ணே" என்று வாங்கி, கைபேசியின் ஸ்டீரியோ ஒலியைத் தவறான ஒயர் வழியாக மைக் செருகும் பாலன்ஸ்டு துளையில் செருகிவிடுவார். அந்தத் துளை, வருகிற இரண்டு இழைகளின் வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். இடது வலது இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அழித்துவிடும். பாட்டில் இரண்டுக்கும் பொதுவாக நடுவில் இருப்பது எது? பாடுபவரின் குரல். ஓரங்களில் இருக்கும் கிடாரும் எதிரொலிச் சாயலும் கேட்கும், குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். சவுண்ட் செட் சரியில்லை என்று பழியைப் பெட்டியின் மேல் போடுவோம். இரண்டு இழைகளையும் முறையாகக் கலந்து மோனோவாக்கும் ஒயர் அல்லது டி.ஐ. பெட்டி கையில் இருந்தால் போதும். விளிம்பைக் கேட்க வேண்டும் என்று நாமே கோருகிறோம். இங்கே விளிம்பு மட்டும் கேட்கிறது, ஆள் இல்லை.

பாதல் சர்க்கார் வழி வந்தவர்கள் இதெல்லாம் எதற்கு என்பார்கள். 1980இல் சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறைக்குப் பிறகு மைக் இல்லாமல், செட் இல்லாமல், உடலும் குரலும் மட்டும் என்ற வழி நமக்குத் திறந்தது. அதன் வலிமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அது வறுமையிலிருந்து பிறந்த வழி. வழியை விரதமாக்கிவிட்டால், ஜூலை மழையில் தகரக் கூரையின் கீழ் தோட்டத்து மக்களுக்கு நடிக்கும்போது ஒரு சொல்லும் கேட்காது. கேட்காத நாடகத்துக்கு என்ன அரசியல்?

எனக்குப் பிடித்த தீர்வு எந்திரத்தை மறைக்காமல் இருப்பது. பெக்கெட் 1958இல் ஒரு கிழவரையும் ஒரு டேப்ரெக்கார்டரையும் மேடையில் எதிரெதிரே உட்கார வைத்தார். எந்திரம் அங்கே ஒரு பாத்திரம். பிரெக்ட் வாத்தியக்காரர்களை மறைக்காமல் காட்டச் சொன்னார். நம் கூத்திலும் பின்பாட்டுக்காரர்கள் ஒளிந்துகொண்டதில்லை, ஆட்டக்காரருக்குப் பின்னால் எல்லாரும் பார்க்கத்தான் நிற்கிறார்கள். பெட்டியையும் அதை இயக்குபவரையும் திரைக்குப் பின்னாலிருந்து கூத்துக்காரரின் அந்த இடத்துக்குக் கொண்டு வரலாம். இசை வானத்திலிருந்து வரவில்லை, ஒரு விரலிலிருந்து வருகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

பதிவில் வாசித்தவரின் கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரு தப்புக்காரரை ஒருநாள் கூப்பிட்டு, கைபேசியில் பதிந்து, கைச்செலவுக்குக் கொடுத்தனுப்பி, அதை நூறு மேடையில் ஒலிக்கிற குழுக்கள் உண்டு. பழைய முறையில் கூப்பிட்ட போதெல்லாம் வர வேண்டியிருந்தது. புதிய முறையில் கூப்பிடவே வேண்டியதில்லை. இரண்டில் எது மேல் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞருக்கு உரிமை கொடுத்தது. 1999 திருத்தத்துக்குப் பின் அது 50 ஆண்டு. கையெழுத்து வாங்கிப் பதிவு செய்யும் குழு ஒன்றையும் நான் இதுவரை பார்க்கவில்லை. மேடைக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு தொகை, நோட்டீஸில் அவர் பெயர், அதற்குக் கீழே பொத்தானை அழுத்தியவர் பெயர். அச்சகத்தில் இரண்டு வரி கூடுதலாகும்.