கறை ஒட்டாத சோபா: பூச்சை வாங்குவதா, துணியை வாங்குவதா?

கறைத்தடுப்புப் பூச்சின் மகிமையைக் காட்ட ஃபர்னிச்சர் கடைக்காரர் கையில் எடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். சோபாத் துணியில் ஊற்றுகிறார். முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. காகிதத்தால் ஒற்றி எடுத்தால் ஈரத்தின் சுவடே இல்லை. வாங்க வந்தவர் பூச்சுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுகிறார். ஆனால் சோபாவில் தண்ணீர் கொட்டியதற்காக எந்த வீட்டிலும் சண்டை வந்ததில்லை. சண்டை வருவது சாம்பாராலும், வடை எண்ணெயாலும், சாய்ந்து உட்காருபவர் தலையிலிருந்து இறங்கும் தேங்காய் எண்ணெயாலும். இவற்றைப் பற்றி அந்தத் தண்ணீர்ச் சோதனை எதுவும் சொல்வதில்லை.

திரவம் துணியில் ஊறுமா, உருண்டு நிற்குமா என்பதில் அதன் பரப்பு இழுவிசைக்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூட இல்லை. ஆகவே தண்ணீரைத் தள்ளி நிறுத்துவது எளிது. மெழுகோ சிலிக்கோனோ போதும். எண்ணெயையும் நிறுத்த வேண்டுமானால் கார்பனும் ஃபுளோரினும் பிணைந்த சேர்மங்கள் தேவைப்படுகின்றன. துணிகளில் இந்த வேலையை அவற்றுக்கு ஈடாகச் செய்யும் மாற்று இன்னும் சந்தைக்கு வரவில்லை. 'ஃபுளோரினும் கிடையாது, எண்ணெயும் ஒட்டாது' என்று யாராவது சொன்னால் இரண்டில் ஒன்று மிகை.

இந்த ஃபுளோரின் பூச்சு பிறந்தது தற்செயலாக. 1953-இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வகத்தில், ஒரு ஃபுளோரின் சேர்மத்தின் சில துளிகள் உதவியாளர் ஒருவரின் கான்வாஸ் ஷூவில் சிந்தின. எதைப் போட்டுக் கழுவியும் அவை போகவில்லை. நாள் ஆக ஆக ஷூ முழுதும் அழுக்கேற, துளி விழுந்த இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அந்த ஆய்வகத்து வேதியியலாளர்கள் பாட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்ததன் விளைவுதான் 1956-இல் விற்பனைக்கு வந்த ஸ்காட்ச்கார்ட். கழுவினாலும் போகாது என்ற அதே குணம் பிற்பாடு அதற்கு எதிரான வழக்காகவும் ஆனது.

முதலில் அதன் நிறையைச் சொல்லிவிடலாம். தொழிற்சாலையிலேயே துணியை ரசாயனத்தில் தோய்த்து, 150 டிகிரி அளவில் சூடேற்றிப் பதித்த பூச்சு உண்மையாகவே வேலை செய்கிறது. கழற்றித் துவைக்க முடியாத இருக்கையின் ஆயுளை அது நீட்டுகிறது. வீட்டுக்கு வந்து ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போகும் சேவையில் அந்தச் சூடு இல்லை; துணி நெடுக ஒரே சீராகப் படியும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அதிகம் உட்காரும் இடத்தில்தான் பூச்சு முதலில் தேய்கிறது. சோப்பு நீரால் துடைத்துச் சரியாக அலசாமல் விட்டால், தங்கும் சோப்பே தண்ணீரை உள்ளே இழுக்கும். கொதிக்கும் காபிக்கு முன் நல்ல பூச்சும் சற்றுத் தளர்ந்துதான் போகிறது.

விளம்பரங்கள் கறைகளையெல்லாம் ஒரே வகையாகப் பேசுகின்றன. துணிமேல் படியும் கறை வேறு, துணிக்கே சாயம் ஏற்றும் கறை வேறு. சிவப்புக் குளிர்பானங்களில் உள்ள நிறமி, நைலானுக்குச் சாயமிடும் அமிலச் சாயத்தின் உறவுக்காரன். இழையில் காலியாக உள்ள இடங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இடங்களை முன்கூட்டியே அடைத்துவைக்கும் ரசாயனங்களும் சேர்ந்ததுதான் டூபாண்ட் நிறுவனம் 1986-இல் கொண்டுவந்த ஸ்டெயின்மாஸ்டர் கார்பெட். நம் மஞ்சளும் சாயம்தான். பருத்தியையும் பட்டையும் அது நன்றாகவே பிடிக்கும். பூச்சு தருவது துடைப்பதற்கான அவகாசம் மட்டுமே. மாலை சிந்தியதை மறுநாள் காலையில் பார்க்கும் வீட்டுக்கு அந்த அவகாசத்தால் பயன் இல்லை.

இனி குறை. கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு கரிம வேதியியலில் மிக வலிமையான பிணைப்புகளில் ஒன்று. எண்ணெயை விரட்டும் அதே சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாமல் தங்குவதற்கு அதுதான் காரணம். ஸ்காட்ச்கார்டோடு தொடர்புடைய பிஎஃப்ஓஎஸ் என்ற சேர்மம், ஆலைப் பக்கமே போகாத மக்களின் ரத்தத்திலும் தென்பட்டது. அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக 3எம் 2000 மே மாதத்தில் அறிவித்தது. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் பிஎஃப்ஓஎஸ் 2009-இலும், அதன் உறவான பிஎஃப்ஓஏ 2019-இலும் சேர்ந்தன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023-இல் பிஎஃப்ஓஏ-வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என வகைப்படுத்தியது. உற்பத்தியை நிறுத்தியதற்குப் பலன் இல்லாமலும் இல்லை: அமெரிக்கர்களின் ரத்தத்தில் பிஎஃப்ஓஎஸ் அளவு இருபது ஆண்டுகளுக்குள் 85 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

கார்பெட் ஆலைகள் குவிந்த, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகரம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஆலைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, கோனசாகா ஆற்றங்கரை நிலங்களில் தெளிக்கப்பட்டது. இந்தச் சேர்மங்கள் அந்தச் சுத்திகரிப்புக்கு மசியவில்லை. ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் ரோம், காட்ஸ்டன் நகரங்கள் தங்கள் குடிநீருக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. யார் வீட்டுக் கார்பெட்டோ சுத்தமாக இருந்ததற்கான செலவு இவர்கள் தலையில் விழுந்தது. இவற்றுக்குப் பதிலாகப் பிறகு வந்த, கார்பன் சங்கிலி குறுகிய சேர்மங்கள் உடலைவிட்டு விரைவில் வெளியேறுகின்றன என்பது உண்மை; ஆனால் அவையும் சிதைவதில்லை, கரி வடிகட்டிகளிலும் எளிதில் பிடிபடுவதில்லை. மெய்ன் மாநிலம் 2023 முதலும் மின்னசோட்டா 2025 முதலும் இச்சேர்மங்கள் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட கார்பெட்டுகளை விற்கத் தடை விதித்தன.

தீத்தடுப்பிலும் இதே கதை நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் 1975-ஆம் ஆண்டு விதி, சோபா நுரையில் தீத்தடுப்பு ரசாயனங்களைச் சேர்க்க வைத்தது. 2013-இல் விதியைத் திருத்தி, கனலும் சிகரெட்டை மேல்துணி தாங்குகிறதா என்று பார்த்தார்கள். பொருத்தமான துணியைத் தேர்ந்தால் ரசாயனம் இல்லாமலே தேற முடிந்தது.

என் தீர்ப்பும் துணியின் பக்கம்தான். இழையாக நூற்கும் முன்பே உருகிய பிளாஸ்டிக்கில் நிறம் கலந்த பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் வகைகளில் வேற்றுச் சாயம் ஏறுவது கடினம். ஆனால் எண்ணெய் பாலிப்ரொப்பிலீனை விரும்பும். அதைத் துடைக்கத் தாமதிக்கக் கூடாது. கம்பளி இழையின் மேற்புறத்திலேயே கொழுப்புப் படலம் உண்டு; சிந்திய தண்ணீர் சற்று நேரம் மேலேயே நிற்கும். மருத்துவமனை, பேருந்து போன்ற இடங்களுக்கு ரெக்ஸின் போதும். வீட்டுக்கு, ஜிப் வைத்த, கழற்றித் துவைக்கும் உறையை மிஞ்ச எதுவும் இல்லை. சோபாவின் தலைப்பக்கம் துண்டு போட்டுவைக்கும் அம்மாக்களைக் கேலி செய்பவர்கள், எண்ணெய்க் கறைக்கு அதைவிட மலிவான தடுப்பு இருந்தால் சொல்லட்டும்.

பூச்சுதான் வேண்டும் என்பவர்கள் கடையில் துணி மாதிரி ஒன்று கேட்டு வாங்கி, அதில் ஒரு சொட்டு நல்லெண்ணெயும் சூடான காபியும் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். 'பிஎஃப்ஓஏ இல்லை' என்ற சீட்டை மட்டும் நம்ப வேண்டாம். அதே குடும்பத்தின் வேறு சேர்மம் அதில் இருக்கலாம். அந்தக் குடும்பம் முழுமைக்கும் பொதுப்பெயர் பிஎஃப்ஏஎஸ்; 'பிஎஃப்ஏஎஸ் எதுவும் இல்லை' என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தந்தால், அந்தப் பூச்சு எண்ணெயையும் நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள்; எழுதித் தர மறுத்தால் அந்தப் பூச்சை விட்டுவிடுங்கள்.