ஒரு கூரையின் கீழ் இரு வரலாறுகள்: சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் ஸ்டூடியோ மிலு

அரும்பொருளகங்களை மதிப்பிடும்போது காட்சிப்பொருள்களை நோக்குமளவுக்கு அவற்றைத் தாங்கும் கட்டடத்தை நாம் நோக்குவதில்லை. ழான் பிரான்சுவா மிலு தலைமையிலான ஸ்டூடியோ மிலு நிறுவனத்தின் பணி அவ்வாறு நோக்கத்தக்கது. பழங்கட்டடங்களுக்குப் புதுப்பயன் அளிப்பதில் இந்நிறுவனம் பெயர் பெற்றது. பாரிசின் பழைய அங்காடியொன்று இதன் வடிவமைப்பில் 2014-இல் பண்பாட்டு அரங்கமாயிற்று.

1929-இல் எழுந்த நகர மண்டபமும் 1939-இல் திறக்கப்பட்ட முன்னாள் உச்ச நீதிமன்றமும் இணைந்து 2015 நவம்பரில் தேசியக் கலைக்கூடமாயின. அவற்றை இணைப்பது உலோகமும் கண்ணாடியும் பின்னிய ஒரு கூரை. மரக்கிளைகளெனப் பிரியும் தூண்கள் அதனைத் தாங்குகின்றன. இரு கட்டடங்களின் மேலும் படர்ந்து இடைவெளியில் திரைபோல் இறங்கும் அக்கூரை, நண்பகல் வெயிலையும் சல்லடையிட்டே உள்ளே விடுகிறது. வெப்பமண்டல ஒளியை இத்துணை நுட்பமாகக் கையாண்ட பொதுக்கட்டடங்கள் நம் வட்டாரத்தில் மிகச் சிலவே என்பது என் கருத்து.

பாடாங் திடலிலிருந்து நோக்குவோர்க்குப் பழைய முகப்புகள் பெரிதும் மாறாமலே தோன்றுகின்றன. இவ்வடக்கத்தைப் பலரும் பாராட்டுவர். எனினும், அடக்கமும் ஒரு நிலைப்பாடே அன்றோ? நகர மண்டபத்தில்தான் 1945 செப்டம்பர் 12-இல் ஜப்பானியர் சரணடைந்தனர். 1959-இல் தன்னாட்சி அரசின் முதல் அமைச்சரவை பதவியேற்றதும் அங்கேயே. அண்டைக் கட்டடமோ காலனித்துவச் சட்டத்தின் இருக்கை. நோல்லி வடித்த நீதித்தேவதை இன்றும் அதன் முகப்பில் வீற்றிருக்கிறாள். ஒன்றில் மக்களாட்சி பிறந்த நினைவு. மற்றதில் அந்நிய ஆணை நிலைபெற்ற நினைவு. ஒரே கூரை இரண்டையும் ஒரே மென்னொளியில் நனைக்கும்போது அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. தென்கிழக்காசிய ஓவியங்கள் பெரும்பாலும் நீதிமன்றப் பகுதியிலேயே இடம்பெற்றுள்ளன. காலனித்துவத்தை எதிர்த்த ஓவியர்களின் படைப்புகளை அக்காலனித்துவ நீதிமன்றத்தின் சுவர்களிலேயே காண்பது கூர்மையான முரண். கட்டடக்கலை அம்முரணை எழுப்பவுமில்லை, தடுக்கவுமில்லை.

விதிவிலக்காக, பாதுகாக்கப்பட்டுள்ள இரு கைதி அறைகளைச் சொல்லலாம். அங்கு அழகுபடுத்தல் ஏதுமில்லை. சாலைக்கு அப்பால் நிற்கும் புனித ஆண்ட்ரூ பேராலயம் இந்தியாவிலிருந்து கொணரப்பட்ட கைதிகளின் உழைப்பால் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள் அவ்விரு இடங்களையும் ஒருங்கே காட்டலாம்.