தாலி கட்டிய பிறகு பொருத்தம்

தொழிற்சாலை கட்ட விரும்புகிறவர் சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவது எப்படி என்று சொல்லும் மத்திய அரசின் 2006 அறிவிக்கையை இந்த வாரம் மறுபடி வாசித்தேன். கூடவே, அதை ஒட்டி உச்ச நீதிமன்றம் தந்த மூன்று தீர்ப்புகளையும் எடுத்துவைத்துக்கொண்டேன். எல்லாம் படித்து முடித்ததும் மனதில் நின்றது ஒரே ஒரு சொல்தான்: ‘முன்’.

அறிவிக்கை கேட்பது ‘முன் அனுமதி’. கட்டுமானம் மட்டுமல்ல, நிலத்தைச் சமன்செய்யும் வேலைகூட அனுமதிக்கு முன் கூடாது. நிலத்தைப் பாதுகாத்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஏன் இவ்வளவு கறார்? ஆலை வரைபடமாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். இடத்தை மாற்றலாம், கழிவுநீர் போகும் வழியை மாற்றலாம், ‘இங்கே வேண்டாம்’ என்றே சொல்லிவிடலாம். பெரிய செலவில்லை. கட்டி முடித்த பிறகு கேட்டால், கேள்வியே வேறாகிவிடுகிறது. ‘இது இங்கே வரலாமா?’ என்பது போய், ‘இவ்வளவு பணம் போட்டதை இடிக்கணுமா?’ என்று ஆகிவிடும். தாலி கட்டிய பிறகு பொருத்தம் பார்த்தால் எந்த ஜோசியர்தான் வேண்டாம் என்பார்?

அனுமதிக்கான நடைமுறையில் நான்கு படிகள். எந்த வகைத் திட்டம் என்று பிரிப்பது, எதையெல்லாம் ஆராயணும் என்று வரையறுப்பது, மக்கள் கருத்தைக் கேட்பது, நிபுணர் குழு மதிப்பிடுவது. (எல்லாத் திட்டங்களுக்கும் நான்கும் கிடையாது. சில வகைகளுக்குக் கருத்துக் கேட்பே இல்லை.)

இதில் ஓட்டைகள் உண்டு. ஆய்வறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது அனுமதி கேட்கும் நிறுவனமேதான். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டியிருந்தது பிறகு தெரியவந்தது. கொங்கண் கரையில் ரஷ்யக் காட்டு மரங்கள்! உள்ளூர் மொழியில் மக்களுக்குத் தரவேண்டியதும் சுருக்கம் மட்டும்தான். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இவை எல்லாமே திருத்தக்கூடிய குறைகள். திருத்துவதற்கு அவகாசம் தருவது அந்த ‘முன்’தான். அதையே எடுத்துவிட்டால் நான்கு படிகளும் சடங்கு.

எடுத்தும்விட்டார்கள். அனுமதி இல்லாமல் கட்டியவர்களும் பின்னால் வந்து விண்ணப்பிக்கலாம் என்று மத்திய அமைச்சகம் 2017 மார்ச்சில் ஆறு மாத அவகாசம் கொடுத்தது. ஒரே தடவைதான் என்றார்கள். 2021 ஜூலையில் அதே கதவு வேறு பெயரில் மறுபடி திறந்தது.

நீதிமன்றம் என்ன செய்தது? அங்கலேஷ்வர் மருந்து ஆலைகள் வழக்கில், 2020 ஏப்ரல் 1 அன்று, பின்தேதி அனுமதி என்பது சுற்றுச்சூழல் சட்டத்துக்கே ஒவ்வாதது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் ஆலைகளை மூடவில்லை. மூன்று நிறுவனங்களுக்கும் தலா 10 கோடி ரூபாய் இழப்பீடு விதித்ததோடு சரி. கொள்கை ‘முன்’னை ஆதரித்தது, தீர்வோ கட்டி முடிந்ததைப் பார்த்துத் தயங்கியது. 2025 மே 16 அன்று, வனசக்தி வழக்கில், 2017, 2021 ஏற்பாடுகள் இரண்டையும் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆறே மாதம். நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மே தீர்ப்பில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான் மட்டும் மாறுபட்டார்.

பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம் அற்பமானதல்ல. சுமார் 20,000 கோடி ரூபாய் மதிப்புள்ள பொதுத் திட்டங்கள் இடிபடும், அவற்றில் ஒடிசாவின் எய்ம்ஸ் மருத்துவமனையும் உண்டு என்றார்கள். மருத்துவமனையை இடிக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஆனால் இந்த வாதத்தின் உள்ளே இருப்பதைப் பாருங்கள்: எவ்வளவு அதிகமாகக் கட்டிவிட்டாயோ அவ்வளவு பாதுகாப்பு. விதிப்படி காத்திருந்தவன் ஏமாளி, முந்திக்கொண்டு கட்டியவன் கெட்டிக்காரன். தனித்தனியாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் கருணை காட்டலாம். கருணையையே விதியாக்கினால் அடுத்தவனுக்கு நாம் சொல்வது என்ன?

விசாகப்பட்டினத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மே 7 அதிகாலை எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். செல்லுபடியாகும் சுற்றுச்சூழல் அனுமதி தன்னிடம் இல்லை என்று அதற்கு ஓராண்டு முன்பே அந்த நிறுவனம் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அனுமதித் தாள் இருந்திருந்தால் கசிந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு நெருக்கமாக வீடுகள் இருக்கும் இடத்தில் இவ்வளவு ஸ்டைரீன் இருக்கலாமா என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய இடம் அந்த நடைமுறைதான்.

பின்தேதி அனுமதி இருக்கத்தான் போகிறது என்றால், குறைந்தது இரண்டு நிபந்தனை வேண்டும். ஆலை இன்னும் கட்டப்படவில்லை என்று வைத்துக்கொண்டே நிபுணர் குழு மதிப்பிட வேண்டும்; போட்ட முதலீட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அனுமதி இல்லாமல் கட்டுமானம் எழும்பியபோது பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி யார் என்று உத்தரவிலேயே எழுத வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனை ஒன்றே போதும், பின்தேதி விண்ணப்பங்கள் தானாகக் குறையும் என்பது என் கணிப்பு.