இல்லாத பலகைகள்: பெலித்துங் கப்பலின் மீட்டுருவாக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

மூழ்கிய கப்பலின் உடலைக் கணினியில் முப்பரிமாண வடிவாக மீட்டுருவாக்குதல் இன்று கடல்சார் தொல்லியலின் இன்றியமையாக் கருவியாகிவிட்டது. அவ்வடிவத்தை எவ்வளவு தூரம் சான்றாகக் கொள்ளலாம் என்பதை, ஜொகூருக்குத் தென்கிழக்கே இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே கிடைத்த சரக்குக் கப்பலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

எஞ்சியதும் நிரப்பியதும்

1998இல் கண்டறியப்பட்ட இக்கப்பலிலிருந்து ஏறத்தாழ 60,000 பொருள்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் சாங்ஷா கிண்ணம் ஒன்று கி.பி. 826க்கு இணையான ஆண்டைத் தாங்கியுள்ளது. சரக்கு இவ்வளவு பேசினும் கப்பலின் உடல் குறைவாகவே எஞ்சியது. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளும் அடிமரமாகிய ஏராவும் குறுக்கு விட்டங்களும் அளந்து பதியப்பட்டன, பாய்கள் எஞ்சவில்லை.

கணினி, அளந்த புள்ளிகளை வளைகோடுகளால் இணைத்து, எஞ்சிய பலகையின் வளைவை மேல்நோக்கி நீட்டுகின்றது. மிதப்பையும் நிலைப்பையும் கணக்கிட்டு, மிதவா வடிவங்களைத் தள்ளுகின்றது. இஃது இம்முறையின் வலிமை. ஆயின், மிதக்கவல்ல வடிவங்கள் பல. மிதப்பு ஒரு வடிவம் இருந்திருக்கக்கூடும் என நிறுவுமேயன்றி, அதுவே இருந்தது என நிறுவாது. இக்கப்பலை அடியொற்றிக் கட்டப்பெற்று, 2010இல் ஓமானிலிருந்து சிங்கப்பூர் வந்தடைந்த 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' கப்பலுக்கும் இது பொருந்தும்.

அகழாய்வாளர் மைக்கேல் ஃபிளெக்கர் 2000இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, இஃது அரபுக் கப்பலா இந்தியக் கப்பலா என்னும் இரு வாய்ப்புகளையும் திறந்தே வைத்தது. பலகைகள் ஆப்பிரிக்க மரம், விட்டங்கள் தேக்கு எனப் பின்னைய மர ஆய்வு காட்டவே, 2008இல் அவரே அதனை வெளியிட்டார். வடிவத்தின் அழகன்று, மரத்துண்டே முடிவைத் திருத்தியது.

பதிப்பறமும் கப்பலும்

உ.வே. சாமிநாதையர் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பிற் காட்டினார். ஏட்டிற் சிதைந்த சீரைத் தாமே இயற்றி மூலத்தோடு கலப்பது பதிப்பறம் அன்று. முப்பரிமாண வடிவமோ கிடைத்த பலகையையும் கருதிய பலகையையும் ஒரே நிறத்தில், ஒரே மெருகில் காட்டிவிடுகின்றது.

இக்குறை நம்மையும் சாரும். முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு கல்வெட்டுச் சான்றுடையது. ஆயினும் சோழர் கடற்படைக் கப்பல் என ஐயமின்றி அடையாளங்காணப்பட்ட உடல் எதுவும் அகழாய்வில் கிடைத்ததில்லை. அவ்வாறிருக்க, மாணவர் இடுபணிகளிலும் விழா மேடைகளிலும் 'சோழர் கப்பல்' முழுவடிவில் மிதக்கின்றது. ஒரு படம் இன்னொரு படத்திற்குச் சான்றாகின்றது. பெருமிதம் பிழையன்று. அதனைச் சான்றின் இடத்தில் அமர்த்துவதே பிழை. அது பிறர் நம் உண்மையான கல்வெட்டுகளையும் ஐயுற வழிவகுக்கும்.

முடிவுரை

மீட்டுருவாக்கம் ஒவ்வொன்றும் கிடைத்தது, உய்த்துணர்ந்தது, கற்பித்தது என மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் காட்டுதல் வேண்டும். மாற்று வடிவங்களையும் உடன் வைத்தல் வேண்டும். பகாங்கின் பொந்தியானில் (ஜொகூர்ப் பொந்தியான் அன்று) 1926இல் அறியப்பட்ட பழம்படகு, மரமுளையாலும் தையலாலும் இணைத்த சில பலகைகளையே விட்டுச்சென்றது. அச்சில பலகைகள், சான்றில்லா முழுக்கப்பல் ஒன்றைவிட நமக்கு அதிகம் கற்பிக்கின்றன எனலாம்.